தண்ணீர்ச் சோதனைக்கு எடைக்கல் எது?



நம் போர்வெல் தண்ணீரை இரண்டு லேபுகளில் சோதித்ததும், இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாததும் பொதுக்குழுவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ரிப்போர்ட்டின்படி இப்போதுள்ள சாஃப்ட்னரே போதும். இன்னொன்றின்படி பொது ஆர்.ஓ. பிளாண்ட் போட்டாக வேண்டும். வீட்டுக்கு வீடு பணம் வசூலிக்க வேண்டிய விஷயம் என்பதால் விவாதம் சூடானதில் ஆச்சரியமில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எந்த லேப் சொல்வது சரி?

இதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு லேப் சொல்வது சரி என்று எதை வைத்துச் சொல்வது? மளிகைக் கடையில் தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தண்ணீர்ச் சோதனைக்கு எடைக்கல் எது, முத்திரை யார் போடுகிறார்கள்? நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கிடைத்த கேள்வி இது. இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கதையைப் பார்க்கலாம்.

நம் பக்கத்து உப்பு

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் வடகோடி. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டிக் கடல். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், அதன் இரும்பு உருக்கும் உலைகள், ரசாயன ஆலைகள். ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் தொழிற்சாலை. நடுவில் நம் போர்வெல்.

உப்பு என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நமக்குத் தெற்கே உள்ள மீஞ்சூரே போதும். சென்னையின் தண்ணீர்த் தேவைக்காகவும் வடசென்னை ஆலைகளுக்காகவும் ஆரணியாறு – கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நீர் எடுத்தார்கள். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகையில் பெரிய நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மழை நிரப்புவதைவிட அதிகமாக எடுத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. பிறகு 2010இல் அதே பகுதியில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

கடல்நீர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கிணற்று நீரில் குளோரைடு எவ்வளவு என்று ஆண்டுதோறும் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நல்ல தண்ணீரில் அது 1 சதவீதம் கலந்தாலே குளோரைடு 190 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைக்கிறது. 1 சதவீதமா 2 சதவீதமா என்ற வித்தியாசத்தில் ஒரு கிணற்றின் தலைவிதி மாறுகிறது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்ப வேண்டுமானால் அளந்த கை சரியாக இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு முறை

சென்னையின் குடிநீர்க் கதை 1772இல் ஏழுகிணறிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தோடு தொடங்குகிறது. 1872இல் செங்குன்றம் ஏரி நீர் வாய்க்கால் வழியாக நகருக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின. தண்ணீர் நல்லதா என்று ருசி, நிறம், வாசனை பார்த்துச் சொன்ன காலம் போய், வேதியியல் பார்த்துச் சொல்லும் காலம் இதற்கு இடையில்தான் வந்தது. அதற்கு அன்றைய ஆட்சியாளர்களுக்கு வழிகாட்டி லண்டன். அங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்தது.

காலரா வந்துபோன லண்டனில், குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு முறைகள் போட்டியிட்டன. 1867இல் வாங்க்ளின் என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் அம்மோனியாவை அளக்கும் எளிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட், நீரை வற்றவைத்து மிச்சத்தை எரித்து அதிலுள்ள கார்பனையும் நைட்ரஜனையும் அளக்கும் முறையை முன்வைத்தார். முதல் முறை மலிவு, வேகம். இரண்டாவதற்கு விலையுயர்ந்த கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். ஒரே தண்ணீரை ஒருவர் நல்லது என்பார், மற்றவர் மோசம் என்பார். தண்ணீர்க் கம்பெனிகளும் நகராட்சிகளும் தங்களுக்குச் சாதகமான நிபுணரை அழைத்து வந்தன. ஆண்டுக்கணக்கில் இந்த விவாதம் ஓடியது.

இதற்கான முதல் மருந்து, எல்லோரும் ஒரே முறையில் சோதிப்பது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1905இல் தண்ணீர்ச் சோதனைக்கான பொது முறைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டது. அது இப்போது 24ஆம் பதிப்பு வரை வந்துவிட்டது. நம் லேப் ரிப்போர்ட்டில் "ஏ.பி.எச்.ஏ." என்று ஒரு பத்தியில் போட்டிருப்பார்களே, அது இந்தப் புத்தகம்தான். இந்தியத் தர நிறுவனம் தண்ணீர்ச் சோதனை முறைகளுக்கான ஐ.எஸ். 3025ஐ 1964இல் வெளியிட்டது. குடிநீரின் தரத்தைச் சொல்லும் ஐ.எஸ். 10500 வந்தது 1983இல்.

நம் மாநிலத்தில் இந்த வேலையின் தாய்வீடு கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் இடமாகத் தொடங்கிய அது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங் பெயரைப் பெற்றது. தண்ணீர்ப் பகுப்பாய்வும் அங்கே நடந்தது. இந்தியச் சுகாதாரப் பணியில் இருந்த மேஜர் கிளெமெஷா, வெப்பமண்டல நீர்நிலைகளின் கிருமிகளைப் பற்றி 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பாவின் குளிர்ந்த ஆற்றுக்கு வகுத்த அளவுகோலை நம் வெயிலில் காயும் ஏரிக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது அவர் வேலையின் சாரம். முறை ஒன்றானாலும் அது இந்த மண்ணில் சரிவருகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

எடைக்கல் பிறந்த கதை

எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால் ஒரே விடை வருமா? வராது. குளோரைடு சோதனையையே எடுத்துக்கொள்வோம்.

1856இல் மோர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். அதில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குளோரைடு முழுவதும் வெள்ளியோடு சேர்ந்து தீர்ந்ததும், அடுத்த சொட்டில் நிறம் செங்கல் சிவப்புக்குத் திரும்பும். எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்பதை வைத்துக் குளோரைடைக் கணக்கிடுவார்கள். பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது.

ஆனால் கணக்கு முழுவதும் சில்வர் நைட்ரேட்டின் வலுவை நம்பியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது கெடும். அதனால்தான் பழுப்பு பாட்டிலில் வைக்கிறார்கள். பாட்டிலில் எழுதியதைவிட 10 சதவீதம் வலு குறைந்திருந்தால் அதிகச் சொட்டுகள் செலவாகும். உண்மையில் 230 மில்லிகிராம் உள்ள தண்ணீர் ரிப்போர்ட்டில் சுமார் 255 என்று வரும். வரம்புக்குள் இருந்த கிணறு வரம்பைத் தாண்டிவிடும். முறையில் தவறில்லை, ஆளிடம் தவறில்லை, எடைக்கல் தேய்ந்திருக்கிறது.

இதற்கு லேபில் என்ன செய்வார்கள்? சுத்தமான சோடியம் குளோரைடை, அதாவது நம் சமையல் உப்பின் தூய வடிவத்தை, உலர்த்தித் துல்லியமாக எடைபோட்டுக் கரைப்பார்கள். அதில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பது முன்பே தெரியும். அதை முதலில் சோதித்து, சில்வர் நைட்ரேட்டின் உண்மையான வலுவைக் கண்டுபிடிப்பார்கள். விடை முன்பே தெரிந்த இந்த மாதிரிக்கு லேப் பாஷையில் ஸ்டாண்டர்டு என்று பெயர். அந்த உப்பு எவ்வளவு தூய்மை என்று யார் சொன்னது? அதற்கு மேல் ஒரு சான்று, அதற்கும் மேல் ஒரு சான்று என்று சங்கிலி போகும். சங்கிலியின் தலைமாட்டில் ஒரு தேசிய நிறுவனம் இருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியை ஒழுங்காகக் கட்டத் தொடங்கியது தண்ணீர்க்காரர்கள் இல்லை, இரும்பு வார்ப்பவர்கள். அமெரிக்காவில் தேசியத் தர அலுவலகம் 1901இல் தொடங்கியது. ஆலைக்கு ஆலை வார்ப்பிரும்புப் பகுப்பாய்வு மாறுபட்டதால், 1905 வாக்கில் வார்ப்பாலைச் சங்கத்தோடு சேர்ந்து, கலவை இன்னதென்று சான்றளித்த இரும்புத் தூள் மாதிரிகளை அந்த அலுவலகம் கொடுக்கத் தொடங்கியது. எந்த ஆலையும் அந்தத் தூளைத் தன் லேபில் சோதித்து, சான்றில் உள்ள எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வந்தால் லேப் சரி, வராவிட்டால் லேபில் கோளாறு. உலைகளுக்கு நடுவில் வாழும் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் சங்கிலியின் தலைமாட்டில் இருப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அடிக்கல் நாட்டியது 1947 ஜனவரியில், திறந்தது 1950 ஜனவரியில். நம் நாட்டின் கிலோகிராமுக்கும் மீட்டருக்கும் நொடிக்கும் பொறுப்பு அதனுடையது. 'பாரதிய நிர்தேஷக் திரவ்ய' என்ற பெயரில் வரும் இந்திய ஒப்பீட்டுப் பொருள்களுக்கும் அதுவே ஆதாரம்.

விடை தெரியாமல் வைக்கும் பரீட்சை

லேபில் ஸ்டாண்டர்டு இருக்கிறது என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்டாண்டர்டு பாட்டில் எது, வாடிக்கையாளர் பாட்டில் எது என்று லேப்காரருக்குத் தெரியும். தெரிந்த பாட்டிலைக் கவனமாகச் செய்வது மனித இயல்பு.

இதை முதலில் துணிந்து சோதித்தவர்கள் ரத்தப் பரிசோதனைக்காரர்கள். பெல்க், சண்டர்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதி மருத்துவமனை லேபுகளுக்கு ஒரே மாதிரியான கரைசல்களை அனுப்பினார்கள். 1947இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அதிகம். எல்லாம் அன்றாடம் நோயாளிக்குச் செய்யும் சாதாரணச் சோதனைகள். மருத்துவ உலகம் அதிர்ந்தது. அதிலிருந்துதான், லேபுகளுக்கு அவ்வப்போது ஒரே மாதிரியை அனுப்பி விடைகளை ஒப்பிடும் வழக்கம் பரவியது. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தண்ணீர் லேபுகளுக்கு இப்படிப் பரீட்சை வைக்கிறது.

மதிப்பெண் போடும் முறையும் எளிதுதான். சரியான விடையிலிருந்து லேப் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, அந்தச் சோதனையில் சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய சிதறலால் வகுக்கிறார்கள். விடை 2க்குள் இருந்தால் தேர்ச்சி. 2க்கும் 3க்கும் இடையில் சந்தேகம். 3ஐத் தாண்டினால், போய்க் கோளாறைக் கண்டுபிடி என்று அர்த்தம்.

பரீட்சை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். தினமும் கண்காணிக்க இன்னொரு கருவி உண்டு. 1924இல் வால்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொலைபேசி உதிரிபாகத் தொழிற்சாலைக்காக ஒரு வரைபடத்தை உருவாக்கினார். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். ஒவ்வொரு நாள் அளவும் ஒரு புள்ளி. லேபில் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்றால், விடை தெரிந்த ஒரு மாதிரியைத் தினமும் சோதித்துப் புள்ளி வைப்பார்கள். புள்ளி எல்லையைத் தாண்டினாலும், நாள்தோறும் மெல்ல ஒரே பக்கமாகச் சாய்ந்தாலும் எங்கோ தவறு. பழுப்பு பாட்டிலில் வலு குறைந்துவரும் சில்வர் நைட்ரேட்டை இந்த வரைபடம் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைப்பில் ஷூவார்ட் 1947–48இல் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள தொழில்துறையினரிடம் இந்த முறையைப் பற்றிப் பேசினார். அதாவது சுதந்திரம் வந்த சில மாதங்களிலேயே இந்த விஷயம் நம் நாட்டுக்குத் தெரிந்துவிட்டது.

வெறும் பாட்டிலும் பேசும்

எடைக்கல் சரி, கையும் சரி. இன்னும் ஒரு இடத்தில் தவறு நுழையும்: பாட்டிலும் காற்றும் தூசியும்.

1950களில் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். எத்தனை முறை செய்தாலும் ஈயம் கூடுதலாகவே வந்தது. தேடிப் பார்த்தால் ஈயம் கல்லில் இருந்து வரவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில், ரசாயனத்தில், லேப் காற்றில், அவர் சட்டையில் கூட இருந்தது. லேபையே துடைத்துக் கட்டிய பிறகுதான் சரியான எண் வந்தது. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் அறிவித்தார். கடல்நீரிலும் மீனிலும் மற்றவர்கள் சொல்லிவந்த ஈய அளவுகளில் பெரும்பகுதி அவரவர் லேபின் அழுக்கு என்பதும் பிறகு தெரியவந்தது.

இதற்கான காவல் மிக எளிது. மாதிரியோடு கூடவே, சுத்தமான வடிநீரை நிரப்பிய ஒரு பாட்டிலையும் அதே வழியில் சோதிப்பார்கள். இதற்கு பிளாங்க் என்று பெயர். அதில் ஈயம் வந்தால் ஈயம் கிணற்றில் இல்லை, வழியில் இருக்கிறது.

குடிநீரில் ஈயத்துக்கான இந்திய வரம்பு 1991 பதிப்பில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 2012 பதிப்பில் அது 0.01 ஆகக் குறைந்தது. வரம்பு குறையக் குறைய லேபின் சுத்தமும் கூடியாக வேண்டும். நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால் இதைப் பார்க்கவே முடியாது. டி.டி.எஸ். 500 உள்ள தண்ணீரில் ஈயத்தின் வரம்பு என்பது கரைந்துள்ள மொத்தப் பொருளில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. மீட்டர் மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஈயமும் தெரியாது, கிருமியும் தெரியாது.

சட்டமும் இரண்டு பாட்டிலும்

இந்தியாவில் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு படிக்கச் சுவையானது. ஆலையின் கழிவுநீரை மாதிரி எடுக்கும் அதிகாரி, முதலில் ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரியத்தின் லேபுக்கு. ஆலைக்காரர் கேட்டால் இன்னொன்று மாநிலத் தண்ணீர் ஆய்வகத்துக்கு. சண்டை வரும் என்று முன்பே தெரிந்து எழுதிய சட்டம் இது. ஒரே தண்ணீர் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் எண்ணைப் பற்றிப் பேச முடியும்.

லேபின் தகுதிக்கு முத்திரை போடும் ஏற்பாடும் இதற்குப் பின் வளர்ந்தது. சோதனை லேபுகளுக்கான உலகப் பொது விதி ஐ.எஸ்.ஓ. 17025 என்ற பெயரில் 1999இல் வந்தது. 2005இலும் 2017இலும் திருத்தப்பட்டது. அதன்படி இந்தியாவில் லேபுகளைப் பரிசீலித்து அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். ஸ்டாண்டர்டு, பிளாங்க், தினசரி வரைபடம், பரீட்சை மதிப்பெண் எல்லாவற்றையும் நேரில் வந்து பார்த்த பிறகே அங்கீகாரம் கிடைக்கும்.

2003: கண்டறிய முடியாத அளவு

இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்று நாடு முழுவதும் தெரிந்துகொண்டது 2003இல். பாட்டில் தண்ணீருக்குத் தர முத்திரை 2001 மார்ச்சிலிருந்தே கட்டாயமாக இருந்தது. முத்திரை குத்திய பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம். 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லி, மும்பை சந்தைகளில் வாங்கிய பாட்டில் தண்ணீரைத் தன் லேபில் சோதித்துப் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று அறிவித்தது. முத்திரை இருந்தும் எப்படி?

அங்கேதான் விஷயம். அப்போதைய விதி, பூச்சிமருந்து எச்சம் கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. எவ்வளவு நுட்பமான கருவியால் கண்டறிவது? விதியில் சொன்ன முறை போதிய நுட்பம் இல்லாதது. பெரிய ஓட்டை உள்ள சல்லடையில் சலித்துவிட்டுக் கல்லே இல்லை என்று சான்று கொடுப்பது போல. தண்ணீர் விதியை மீறவில்லை, விதிதான் பார்க்கவில்லை. அந்தச் சர்ச்சைக்குப் பின் விதி மாறியது. 2004 ஜனவரி முதல், தனித்தனிப் பூச்சிமருந்துக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்தமாக 0.0005 மில்லிகிராம் என்று எண்ணாகவே வரம்பு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த மையம் குளிர்பானங்களைச் சோதித்தது. இம்முறை கம்பெனிகள் லேபையே கேள்வி கேட்டன: உங்கள் லேபுக்கு என்ன தகுதி? அரசு, மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள தன் ஆய்வகங்களில் வேறு பாட்டில்களைச் சோதித்தது. எண்கள் அச்சாக ஒத்துப்போகவில்லை. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்து விசாரித்து, 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. எச்சம் இருக்கிறது என்ற முடிவு சரியே என்று குழு ஏற்றது.

நம் பிரச்சினைக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இரண்டு லேபுகளின் எண் வேறுபட்டால் உடனே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வேறு பாட்டில், வேறு நாள், வேறு முறை என்றால் எண்ணும் மாறும். அதேபோல, ரிப்போர்ட்டில் "பி.டி.எல்." என்று இருந்தால் அது பூஜ்யம் இல்லை. எங்கள் கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். எந்த அளவு வரை தெரியும் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது பாடத்துக்கு வங்கதேசம் போக வேண்டும். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் 1992இல் அங்குள்ள குழாய்க் கிணறுகளின் நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்தது. சோதித்த பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பிறகு அங்கே லட்சக்கணக்கான கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் தொடர்ந்த வழக்கு 2006இல் பிரிட்டனின் உச்ச அமைப்பு வரை போய்த் தோற்றது. அளந்த எண்களில் பிழை இல்லை, அளக்க வேண்டியதை அளக்கவில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வாழும் நாம், ஹார்ட்னஸும் டி.டி.எஸ்.ஸும் மட்டும் உள்ள சிக்கன பேக்கேஜோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

நம் அடுத்த சோதனைக்கு

இந்த வரலாற்றை வைத்து, அடுத்த முறை தண்ணீர் சோதிக்கும்போது செயற்குழு பின்பற்றலாம் என்று தோன்றும் சில விஷயங்கள்:

1. என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு லேபுக்கும் எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் உண்டு. நாம் கேட்கும் சோதனை, குறிப்பாக ஈயம், குரோமியம், ஆர்சனிக் போன்றவை, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சோதனை முறை எழுதியிருக்க வேண்டும். "பி.டி.எல்." என்றால் கண்டறியும் அளவு எவ்வளவு என்பதும் வேண்டும். அந்த அளவு ஐ.எஸ். 10500 வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வரி நமக்குப் பயன்படாது.

3. மாதிரியை லேப் ஆளே வந்து எடுக்கட்டும். எந்தக் குழாய், எத்தனை மணி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு என்பதைக் குறிக்க வேண்டும். போர்வெல், சம்ப், அடுக்களைக் குழாய் மூன்றும் மூன்று தண்ணீர். கிருமிச் சோதனைக்கான பாட்டில் ஐஸ் பெட்டியில் அன்றே லேபுக்குப் போக வேண்டும். மதிய வெயிலில் காரின் டிக்கியில் கிடந்த பாட்டில், கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

4. இரண்டு லேபுகளுக்கு அனுப்புவதானால், ஒரே வாளியில் பிடித்து, அங்கேயே இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து அனுப்ப வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் அதே வழி.

5. நாமே ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். அதே தண்ணீரை வேறு பெயரெழுதிய இன்னொரு பாட்டிலிலும், சுத்தமான வடிநீரை மூன்றாவது பாட்டிலிலும் ஒரே லேபுக்குக் கொடுக்கலாம். முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவும், மூன்றாவது வெறுமையாகவும் வந்தால் அந்த லேபைத் தைரியமாக நம்பலாம். கூடுதல் செலவு இரண்டு பாட்டிலுக்கான கட்டணம். தேவையில்லாத பிளாண்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

6. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் பொதுமக்கள் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். இரண்டு லேபுகளில் ஒன்றாக அதை வைத்துக்கொள்ளலாம்.

7. வீட்டு டி.டி.எஸ். மீட்டருக்கும் எடைக்கல் உண்டு. மின்கடத்தல் 1413 என்று சான்றளித்த பொட்டாசியம் குளோரைடு கரைசல் சிறிய பாட்டிலில் கடையில் கிடைக்கும். சங்க அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்தால், யார் வேண்டுமானாலும் தங்கள் மீட்டரைக் கொண்டுவந்து சரிபார்க்கலாம்.

பொதுக்குழுவில் எழுந்த சந்தேகம் நியாயமானது. லண்டனில் ஃபிராங்க்லாண்டும் வாங்க்ளினும் மோதிக்கொண்ட நாளிலிருந்து, இத்தகைய சந்தேகங்களில் இருந்துதான் ஸ்டாண்டர்டும் பிளாங்க்கும் சீல் வைத்த இரண்டு பாட்டிலும் பிறந்திருக்கின்றன. ஆகவே, எந்த ரிப்போர்ட்டையும் முழுதாக நம்பிப் பணம் கட்டவும் வேண்டாம், எல்லா லேபும் இப்படித்தான் என்று தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரே வாளித் தண்ணீரோடு ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துவிட்டு, ஆர்.ஓ. பிளாண்டைப் பற்றி அதன் பிறகு முடிவெடுக்கலாம்.

மாதிரி எடுக்கும் நாளில் உடனிருந்து பார்க்க ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒருவர் முன்வந்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். பழைய தண்ணீர் ரிப்போர்ட் யாரிடமாவது இருந்தால் அதன் நகலையும் கொடுத்து உதவுங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், நம் கிணற்றில் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நமக்கே தெரிந்துவிடும்.